முதலில் கீழே போடத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்

பளு தூக்குவதும் தெருக்கூத்து ஆடுவதும் ஒரே பெண்ணுக்கு எதற்கு என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் குறைவு. ஏதாவது ஒன்றை உருப்படியாகச் செய் என்பார் சித்தப்பா. ரெண்டையும் விட்டுவிட்டு நீட்டுக்குப் படி என்பார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. நான் சத்துவாச்சாரியில் இருக்கிறேன், ப்ளஸ் டூ படிக்கிறேன், காலையில் பளுதூக்கும் பயிற்சி, வாரத்தில் சில சாயங்காலங்கள் பள்ளியில் நாடக வகுப்பு. இந்த ரெண்டும் சேர்ந்து என்னை என்ன செய்தன என்று எழுதிப் பார்க்கத் தோன்றியது. ஏனென்றால் பள்ளி விழாக்களில் பேச வருகிறவர்கள் எல்லாரும் விளையாட்டும் கலையும் தன்னம்பிக்கை தரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், எப்படித் தரும், என்ன செய்தால் தரும் என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் பளு. வெளியூர்க்காரர்களுக்கு வேலூர் என்றால் கோட்டை, சிஎம்சி, வெயில். சத்துவாச்சாரியில் வளர்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் ஊர்க்காரர். ராடை ஒரே இழுப்பில் தலைக்கு மேலே கொண்டுபோகிற ஸ்னாட்ச்சில் 149, முதலில் தோளுக்கும் அங்கிருந்து தலைக்கு மேலேயும் தூக்குகிற கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. 2018-ல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். அப்போது நான் சின்னப் பெண், அந்தப் பேர் வீட்டில் அடிபட்டுக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கிறது. அதனால் இங்கே ஒரு பெண் பிள்ளை பளு தூக்கப் போகிறேன் என்றால் யாரும் திகைத்துப் போக மாட்டார்கள். முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

அத்தை மகள் அக்கா போய்க்கொண்டிருந்தாள், அவள் பின்னாலேயே நானும் போனேன். கொஞ்ச நாளைக்குக் கையில் கொடுத்தது வெறும் குச்சி. "இதுல கை எங்க இருக்கு, கால் எங்க இருக்குன்னு பழகு, எடை எங்கயும் ஓடிடாது" என்றார் மாஸ்டர். அப்புறம் ராடு வந்தது. பெண்களுக்கான ராடு 15 கிலோ, ஆண்களுடையது 20. ராடு கைக்கு வந்ததும் தூக்கச் சொல்வார் என்று பார்த்தால், அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது கீழே போட.

ஸ்னாட்ச்சில் ராடு தலைக்கு மேலே போன பிறகு முன்பக்கம் சாய்ந்தால், கையை நீட்டியபடியே அதை முன்னால் தள்ளிவிட்டு நாம் பின்னால் குதிக்க வேண்டும். பின்பக்கம் சாய்ந்தால் பிடியை விட்டுவிட்டு முன்னால் குதிக்க வேண்டும். ராடு ஒரு பக்கம், நாம் எதிர்ப்பக்கம். கையை மடக்கக் கூடாது, மடக்கினால் அது நம் மேலேயே வந்து விழும். முக்கியமாக, போகிற ராடைக் காப்பாற்றப் பின்னாலேயே போகக் கூடாது. அது இரும்பு, தரையில் ரப்பர் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். தூக்கு, போடு, குதி, திரும்பிப் பார். ஷெட்டே அதிர்கிற மாதிரி தடாலென்று விழும், ஆரம்பத்தில் அந்தச் சத்தத்துக்கே கண்ணை மூடிக்கொள்வேன், போகப் போக அது சாதாரணச் சத்தமாகிவிட்டது.

எனக்குள் ஏதோ மாறியது அங்கேதான். அதுவரைக்கும் ராடைப் பிடிக்கும்போதே மனசுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும், விழுந்தால் என்ன ஆகும் என்று. போடக் கற்ற பிறகு அந்தக் கேள்விக்கு உடம்பிடமே பதில் இருந்தது, விழுந்தால் குதிப்பேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கும் புது எடை ஏற்றினால் வயிற்றைப் பிசையும். ஆனால் பயந்துகொண்டே முழு பலத்தோடு இழுக்க முடிகிறது. அரை மனசோடு இழுக்கிற ராடுதான் ஆபத்து, அது முக்கால் தூரம் வந்து நம் தலைக்கு நேராக நின்றுவிடும். தைரியமாக இரு என்று ஆயிரம் பேர் சொல்லலாம், விழுந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒருத்தர் காட்டிக்கொடுத்தால்தான் தைரியம் வரும் என்பது என் அனுபவம்.

சரி, கூத்துக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் நாடகம் என்றால் ரொம்ப நாளாக ஜூலை 10-ஐ ஒட்டித்தான். 1806 வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி. புதுத் தலைப்பாகை போடு, தாடியை எடு, நெற்றியில் குறி இடாதே என்று வெள்ளைக்காரன் உத்தரவு, சிப்பாய்களின் கொதிப்பு, கோட்டைக்குள் துப்பாக்கிச் சத்தம், திரை. நல்ல கதைதான், ஆனால் வருஷா வருஷம் அதே வசனம், அதே அட்டைத் துப்பாக்கி. 2022-23-ல் அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா தொடங்கிய பிறகு நாடக வகுப்புக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. எங்கள் தமிழ் டீச்சர் செய்யாறு பக்கத்துக்காரர், நம்ம மண்ணிலேயே கூத்து இருக்கும்போது நாம் ஏன் அதைக் கற்கக் கூடாது என்று சொல்லி ஊரிலிருந்து ஒரு கூத்து வாத்தியாரை அழைத்து வந்தார்.

செய்யாறு இப்போது வேறு மாவட்டம். 1989-ல் வட ஆற்காடு ரெண்டாகப் பிரிந்து அது திருவண்ணாமலையோடு போனது, 2019-ல் வேலூரும் பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று தனித்தனியானது. என் ஆயாவுக்கு இன்னமும் எல்லாமே வட ஆற்காடு ஜில்லாதான். கூத்தைப் பொறுத்தவரை ஆயா சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன், பாட்டுக்கும், கால் வைத்து ஆடுகிற அடவுக்கும் மாவட்ட எல்லை தெரியாது. செய்யாறு பக்கத்துப் புரிசை, கூத்துக்கே பேர் போன ஊர். அந்த ஊர்க் கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றவர்கள் நிறைய. 1977-ல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்கிற நாடகக் குழுவுக்கும் தம்பிரான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நடிகர் பசுபதி அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர். கூத்து படித்து என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

வாத்தியார் எனக்குக் கொடுத்த வேஷம் அபிமன்னன், அதாவது அபிமன்யு. அர்ச்சுனன் மகன், பதினாறு வயசு, என் வயசுக்காரன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஆண் வேஷம் என்று பள்ளியிலேயே ஒரு பேச்சு கிளம்பியது. வாத்தியார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "காலங்காலமா ஆம்பளதான் பாஞ்சாலி வேஷம் கட்றான், பொண்ணு அபிமன்னன் கட்டினா இன்னா?" அதோடு பேச்சு முடிந்தது. என் தோளைப் பார்த்துவிட்டு, தோளில் கட்டுகிற புஜக்கட்டை நன்றாக உட்காரும் என்றும் சொன்னார். பளு தூக்கி அகலமான தோள் என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் கவலைப்பட்ட தோள் அது, முதல் தடவையாக ஒருத்தர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

பளு தூக்குகிறவளுக்குக் கூத்து சுலபமாக வரும் என்று பார்த்தால் முழங்கால் மட்டும்தான் உதவியது. முழங்காலைப் பாதி மடக்கி அரைமண்டியில் நெடுநேரம் நிற்கச் சொன்னால் மற்றவர்களுக்குத் தொடை நடுங்கும், எனக்கு ஒன்றும் தெரியாது. மூச்சுதான் பெரிய சிக்கல். ராடை இழுப்பதற்கு முன்னால் வயிறு நிறைய மூச்சை இழுத்து, வயிற்றை இறுக்கி, அப்படியே அடக்கிக்கொண்டு தூக்க வேண்டும். அந்த அடக்கம்தான் முதுகெலும்பைக் காக்கிறது, இடுப்புக்கு உள்ளேயே பெல்ட் கட்டினது மாதிரி. கூத்திலோ மூச்சு வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும், பாட்டும் வசனமும் அதில்தானே ஏறிப் போகிறது. நான் அடவு ஆரம்பித்ததும் பழக்கத்தில் வயிறு இறுகிவிடும், மூச்சு நின்றுவிடும், பாட்டின் ரெண்டாவது அடியிலேயே தொண்டை கட்டிக்கொள்ளும். "பாப்பா, நீ பாட்ட முழுங்குற" என்பார் வாத்தியார்.

அவர் சொன்ன பயிற்சியை இங்கே எழுதுகிறேன், மேடையில் பேசுகிற யாருக்கும் உதவும். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மூச்சு இழுக்கும்போது புத்தகம் மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சு மட்டும் ஏறினால் அது மேல் மூச்சு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அது பழகினதும் நடந்துகொண்டே பாட்டின் ஒரு அடியை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், சொல்லி முடிக்கும்போது கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். மிச்சம் வைப்பதுதான் விஷயம். கடைசிச் சொட்டு வரைக்கும் செலவழித்துவிட்டால் அடுத்த மூச்சை அவசரமாக இழுப்போம், அது மைக்கில் கேட்கும். அப்புறம் அதே அடியைத் தாளத்துக்குக் கால் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். இது படிந்த பிறகு ராடு தூக்குவதிலும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் நெஞ்சில்தான் காற்றை நிரப்பியிருக்கிறேன், வயிறு வரைக்கும் நிரப்ப வாத்தியார் சொல்லித்தான் வந்தது. மாஸ்டரிடம் சொன்னேன், "அந்தப் பெரியவரை ஒரு நாள் இங்க கூட்டிக்கினு வா" என்றார்.

கூத்தில் நேராக வந்து நின்றுவிட முடியாது. ரெண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள், வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று முதலில் பாடுவார், ஜனங்களுக்குக் கிரீடத்தின் உச்சியும் சலங்கைக் காலும் மட்டும் தெரியும். அங்கே நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. போட்டியில் பேர் கூப்பிட்ட பிறகு கிடைக்கிற ஒரு நிமிஷமும் அதே மாதிரிதான். அந்த நேரத்தில் மனசிடம் பேசக் கூடாது, உடம்புக்கு வேலை கொடுக்க வேண்டும். நான் போட்டியில் செய்வது இதுதான், எப்போதும் இதே வரிசையில்: கையில் சாக்பொடி, அதிகமானதைத் தட்டிவிடுவது, முதலில் வலது கால், அப்புறம் இடது, கட்டைவிரலை ராடோடு வைத்து மற்ற விரல்களால் அதன் மேல் மூடிப் பிடிப்பது, எதிர்ச் சுவரில் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி, மூச்சு. திரைக்குப் பின்னால் வேறு வரிசை: குதிகாலால் தரையைத் தட்டி சலங்கையைக் கேட்பது, தோளை இறக்குவது, மத்தளக்காரர் முகத்தைப் பார்ப்பது, மூச்சு. ஒவ்வொருத்தரும் தங்களுக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பயிற்சி நாட்களிலும் அதையே செய்ய வேண்டும். விழா அன்றைக்கு மட்டும் செய்தால் அது வேலைக்கு ஆகாது.

வசனம் மறந்தால்? மறக்கும். எல்லாருக்கும் மறக்கும். வாத்தியார் முதல் நாளிலேயே சொன்னது, வாய் நின்னா நிக்கட்டும், காலை மட்டும் நிறுத்தாதே. கால் தாளத்தில் இருந்தால் பின்பாட்டுக்காரர்கள் அடியை எடுத்துவிடுவார்கள், ஆர்மோனியம் நிற்காது, நமக்கு வரி வந்து சேரும் வரைக்கும் ஒரு சுற்று சுற்றி வரலாம். பார்க்கிறவர்களுக்கு அது ஆட்டமாகத்தான் தெரியும். இதையும் முன்கூட்டியே பழகினோம். ஒத்திகையில் வேண்டுமென்றே பாதி வரியில் என்னை நிறுத்தச் சொல்வார், பின்பாட்டு எடுக்கும், நான் சுற்றி வந்து சேர்ந்துகொள்வேன். ராடைக் கீழே போடுவதற்கு மாஸ்டர் கொடுத்த பயிற்சியும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

அபிமன்னன் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வியூகத்துக்குள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. இதைப் படித்துப் படித்து எனக்கு அவன் மேல் ஒரு கோபமே வந்துவிட்டது, வெளியே வரத் தெரியாதவன் எதற்கு உள்ளே போனான் என்று. வாத்தியாரிடமே கேட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "அவன் மறைக்கல பாப்பா. தர்மர்கிட்ட சொல்லிட்டுத்தான் போறான், எனக்கு வெளிய வரத் தெரியாதுன்னு. நீ வழிய ஒடச்சிக் குடு, நாங்க பின்னாலயே வர்றோம்னு பெரியவங்க சொன்னாங்க. சைந்தவன் மறிச்சிக்கினான், அவங்களால வர முடியல. அத மனசுல வெச்சிக்கினு ஆடு." சைந்தவன் என்றால் கௌரவர் பக்கத்து ஜயத்ரதன். அதற்குப் பிறகு நான் ஆடிய அபிமன்னன் வேறு ஆள். அம்மா சுபத்திரையிடம் விடை கேட்கிற இடத்தில் முன்பு வீரமாக மட்டும் நின்றுகொண்டிருந்தேன். இப்போது அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, பின்னால் வருகிறவர்களை நம்புகிறான், அந்த நம்பிக்கை குரலில் இருக்க வேண்டும்.

கூத்துக்கு வெளியிலும் அது என்னை விடவில்லை. தெரியாததை முதலிலேயே சொல்லிவிட்டு இறங்குவது அவமானம் இல்லை என்பது எனக்கு அந்த டீக்கடைப் பேச்சில்தான் உறைத்தது. வகுப்பில் இப்போது கெமிஸ்ட்ரி புரியாவிட்டால் மிஸ் கணக்கு போட ஆரம்பிக்கும் முன்பே எழுந்து சொல்லிவிடுகிறேன், மிஸ், மோல் கான்செப்ட்லயே நின்னுட்டேன் என்று. முதலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது இன்னும் சிலரும் எழுந்திருக்கிறார்கள். அதே மாதிரி, யாராவது பின்னால் வருகிறேன் என்று சொன்னால் எப்போது, எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கைக்கு நானே ஏதாவது வாக்கு கொடுத்தாலும் அப்படித்தான்.

ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்ததால், மேக்கப் போட்டு வேஷம் கட்டி நின்ற எங்களிடம் பத்து நிமிஷத்தில் முடியுங்கள் என்றார்கள். எங்கள் கூத்து அதைப் போல நாலு மடங்கு. தோழிகள் அழுதே விட்டார்கள், எனக்கும் ஆத்திரம். வாத்தியார் ஒன்றும் பேசாமல் சண்டையை அப்படியே எடுத்துவிட்டார். திரைப் பிரவேசமும் சுபத்திரை காட்சியும் போதும் என்றார். நன்றாகவே வந்தது. பளுதூக்கும் போட்டியில் முதல் எடையை மாஸ்டர் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான். ஸ்னாட்ச்சுக்கு மூன்று வாய்ப்பு, கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு மூன்று. ராடில் ஒரு தடவை ஏறிய எடை இறங்காது, மேலேதான் போகும். மூன்று ஸ்னாட்ச்சும் போனால் மொத்தக் கணக்கே கிடையாது. அதனால் முதல் எடை, தூக்கமில்லாத, காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிற நாளிலும் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பதில் எது மோசமான நாளிலும் கைவிடாது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுப் போட்டியானாலும் இன்டர்வியூவானாலும் அதில் தொடங்குங்கள்.

பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். பளு தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று உங்களிடமும் சொல்வார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்து, முறையாகக் கற்று, எடையை மெதுவாக ஏற்றினால் அப்படி ஆகாது. தப்பான முறையில் தூக்கினால் முதுகு போகும், அது உண்மை, பயப்பட வேண்டியது அதற்குத்தான். எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்காதீர்கள். வளர்கிற வயசில் மேல் பிரிவில் போட்டி போடுவதில் ஒரு குறையும் இல்லை. பள்ளியில் வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிற நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைப் பையில் போட்டுவைக்காமல் சாப்பிட்ட பிறகு விழுங்கிவிடுங்கள். அடவு ஆடும்போது மூச்சு வாங்குவதற்கும் படியேறினால் தலை சுற்றுவதற்கும் ரத்தச் சோகை காரணமாக இருக்கலாம், பலர் அதைத் தெரியாமலேயே தங்களுக்குத் தெம்பில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் பவுடர் டப்பா எல்லாம் வாங்க முடியாது, அம்மா ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறார், விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் வந்துவிடும். முட்டை, வேர்க்கடலை, ஆயா கிண்டுகிற கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, இதில்தான் என் உடம்பு வளர்ந்திருக்கிறது. மே மாசத்தில் மட்டும் பயிற்சியை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், தகரக் கூரைக்குக் கீழே வேலூர் வெயிலோடு போட்டி போட வேண்டாம்.

சேர்வதற்கு இடம் பார்க்கும்போது பதக்கங்களைக் காட்டினால் பாருங்கள், ஆனால் புதுசாகச் சேர்ந்த பிள்ளை கையில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். குச்சியோ வெறும் ராடோ இருந்தால் நல்ல இடம். கூத்து கற்க வேண்டும் என்றால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டும், ஃபோனில் இல்லை, நேரில். பங்குனியிலிருந்து வைகாசி வரைக்கும் செய்யாறு, ஆரணி, ஆற்காடு பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து, கடைசி நாள் துரியோதனன் சாவதை நடிக்கிற படுகளமும் தீமிதியும். கூத்து தொடங்கப் பத்து மணிக்கு மேல் ஆகிவிடும், விடிகிற வரைக்கும் போகும், அதனால் மத்தியானமே தூங்கி எழுந்து, வீட்டில் பெரியவர் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உட்காரும்போது நேர் எதிரே உட்காராமல் மத்தளக்காரர் பக்கமாகப் போய் உட்காருங்கள், வேஷக்காரர் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்பது அங்கிருந்துதான் தெரியும்.